பதின்மூன்றாவது முடிச்சு

என் மனைவி இறந்து மூன்று மாதம் ஆன பிறகும் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சொன்னால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பீர்கள். ஆனால் பாளையங்கோட்டையில் அந்தத் தெரு வழியாக மாலை ஐந்து மணிக்குப் போன யாரும் அதைக் கேட்டிருக்கலாம். பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற சின்ன விடுதி அங்கே இருந்தது. அவள் அதில் பதினோரு வருடம் ஆசிரியை. எட்டாம் வகுப்பு வரலாறும் அறிவியலும் தன் குரலிலேயே கேசட்டில் பதிந்து வைத்திருந்தாள். பிள்ளைகள் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அசோகர் மரம் நட்ட கதையை அவள் சொல்லுவாள், நடுவில் இருமுவாள். "ஏட்டி, அங்கன என்ன சிரிப்பு?" என்று எந்த வருடத்திலோ சிரித்த ஒருத்தியை அதட்டுவாள். அந்த அதட்டலுக்கு இப்போது இருந்த பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள். அலுவலகம் விட்டு நான் வீடு திரும்புகிற வழி அது. ஒரு வாரம் கேட்டேன். பிறகு சைக்கிளைச் சுற்று வழியில் விட ஆரம்பித்தேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் ஓடுகிறது என்று தினமும் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. தாமிரபரணியை இருபது வருடம் எழுதியிருக்கிறேனே தவிர, அது இறங்கி வருகிற மலையில் கால் வைத்ததில்லை. அவள் வைத்தாள். ஒவ்வொரு வருடமும் மாசியில், எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிற பிள்ளைகளை வேனில் ஏற்றி, மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு மேலே கூட்டிக்கொண்டு போவாள். அங்கே காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் ஓர் ஓடை. "குடிக்கிற தண்ணி எங்கன இருந்து வருதுன்னு கையை வச்சுப் பாக்கட்டும்" என்பாள். கண் தெரியாத பிள்ளைகளுக்குக் காடு எதற்கு என்று நானே கேட்டிருக்கிறேன். அதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஐப்பசியில் மஞ்சள்காமாலை முற்றிப் படுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக அவள் என்னிடம் கேட்டது, "கயித்தை வெயில்ல போட்டியளா?" என்பதுதான். பிதற்றுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். பதினாறாம் நாள் கழிந்து பரணைத் துழாவியபோது கயிறு கிடைத்தது. மழைக்காலத்து ஈரத்தில் பூசணம் பூத்திருந்தது. நல்ல கனமான பருத்திக் கயிறு. கைக்கு ஒரு முடிச்சு என்று பதின்மூன்று முடிச்சு. ஒவ்வொன்றிலும் வேறு வேறு துணி சுற்றித் தைத்திருந்தாள்: ஒன்றில் சாக்கு, ஒன்றில் பட்டு, ஒன்றில் பழைய கம்பளி. தன் முடிச்சு எது என்று பிள்ளைகள் விரலால் தெரிந்துகொள்வதற்கு. கடைசி முடிச்சில் இருந்தது அவளுடைய நூல் சேலையின் ஓரம். நான் அதை மட்டும் தொடாமல் கயிற்றை வெயிலில் விரித்தேன்.

அவள் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று உறவில் பேச்சு வந்தது. விடுதிக்கு எவர்சில்வர் தட்டு வாங்கிக் கொடுத்து அவள் பேரைப் பொறிக்கலாம் என்றார் என் அண்ணன். அந்தப் பிள்ளைகளால் அந்தப் பேரை வாசிக்கவா முடியும் என்று நான் எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அந்தக் கோபத்திலேயே, இந்த மாசிக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

விடுதியின் வார்டன் அம்மா தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார்கள். "பன்னெண்டு பேரைத் தாறேன் சார். பன்னெண்டு பேரும் முழுசா வரணும். ஒரு பிள்ளைக்கு ஒண்ணுன்னாலும் டீச்சர் ஆரம்பிச்சது இதோட முடிஞ்சு போச்சு" என்றார்கள். அதுதான் பேச்சு. நான் சரி என்றேன்.

பிள்ளைகள் எல்லாம் தேரிக்காட்டுப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் இருந்து வந்தவர்கள். பாதிப் பேரின் அப்பாக்கள் பனையேறிகள். ராதாபுரத்துப் பையன் ஒருவன் பிறந்ததிலிருந்து உவர்த் தண்ணீர்தான் குடித்து வளர்ந்தவன். பதினோராவது முடிச்சு திசையன்விளைப் பையனுக்கு. பன்னிரண்டாவது, உவரியிலிருந்து வந்த மீனவர் வீட்டுப் பெண்பிள்ளைக்கு. அலைக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அவளுக்கு. வேனில் மலை ஏறும்போது, "மலைன்னா எவ்வளவு ஒசரம் சார்? கடல் ஆழம் இருக்குமா?" என்று கேட்டாள். எனக்கு இரண்டும் தெரியாது.

நடப்பதற்கு என் மனைவி வைத்திருந்த விதிகளைப் பிள்ளைகளே எனக்குச் சொன்னார்கள். எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட வருகிற பெரியவர் "எண்ணு" என்றதும் முன்னாலிருந்து ஒவ்வொருவராகத் தன் முடிச்சின் எண்ணைச் சொல்ல வேண்டும். டீச்சர் கடைசி முடிச்சைப் பிடித்து வருவாள். அவள் "பதிமூணு" என்றால்தான் எண்ணி முடிந்தது, அப்புறம்தான் கால் எடுத்து வைக்கலாம். கயிறு கைவிட்டுப் போனால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். தேடக் கூடாது, நடக்கக் கூடாது. எண்ணுகிற சத்தம் கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் எண்ணைச் சொல்ல வேண்டும்.

மாஞ்சோலையில் வழி காட்டுகிறவர் காத்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், வருடா வருடம் அவளோடு நடந்தவர். பிள்ளைகளின் காலில் அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தண்ணீர் தடவிவிட்டார். பிறகு என்னிடம், "நான் பத்தடி முன்னால போறேன் சார். நீங்க டீச்சர் மாதிரி கடைசி முடிச்சுல வாங்க" என்றார்.

"நான் முன்னால வாறேன்" என்றேன்.

"பின்னால ஆள் வேணும் சார்."

"எனக்குத் தெரியும், நடங்க."

எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சேலைத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கடைசி முடிச்சு யார் கையிலும் இல்லாமல் தொங்கியது.

காட்டின் வாசலில் முதல் முறையாக "எண்ணு" என்றேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று குரல்கள் பின்னால் நகர்ந்து போயின. உவரிப் பிள்ளை "பன்னெண்டு" என்றாள். சரி, முடிந்தது என்று திரும்பினேன்.

"பதி... மூணு."

அவளுடைய குரல். "பதி"யில் ஒரு இழுப்பு, "மூணு"வில் ஒரு சின்ன இறக்கம். இருபது வருடம் வீட்டுக்குள் கேட்ட குரல் எனக்கு மாறிப்போகுமா? பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் அசையாமல், தலையைச் சற்றே சாய்த்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஈரப் பாதையும் மரங்களும் மட்டும்தான் இருந்தன. வழிகாட்டி என் பக்கம் வந்து, "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார். "பேசாம நடங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். யார் சொன்னது என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

அதன் பிறகு நான் நடந்ததெல்லாம் அடுத்த எண்ணிக்கைக்காகத்தான். பாதை வளைந்தால் எண்ணச் சொன்னேன், மரம் குறுக்கே கிடந்தால் எண்ணச் சொன்னேன், ஒன்றும் இல்லாமலும் எண்ணச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்தக் குரல் வந்தது. வெயில் உள்ளே இறங்காத காடு அது. பகல் பதினொரு மணிக்கே விளக்கு வைக்கிற நேரம் போலிருந்தது. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயம் எனக்குப் பிடித்தும் இருந்தது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று கேட்டது மனசு.

ஓடைக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ராதாபுரத்துப் பையன் குடித்தான், குடித்தான், வயிறு கல்லாகும் வரை குடித்தான். "சீனி போட்டிருக்கா சார்?" என்றான். பாசி படிந்த பாறையை ஒருத்தி கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை வருடம் என் மனைவி எதற்காகப் பிடிவாதம் பிடித்தாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. கட்டிவந்த எலுமிச்சைச் சோற்றை அங்கேயே சாப்பிட்டோம். கிளம்பும்போது எண்ணினோம், பதின்மூன்றும் பக்கத்திலேயே கேட்டது.

திரும்பி வரும்போது மணி இரண்டுகூட ஆகவில்லை. "மஞ்சு இறங்குது சார்" என்றார் வழிகாட்டி. மஞ்சு என்று அவர் சொன்னது மூடுபனியை. சொல்லி முடிப்பதற்குள் மரங்கள் போயின, பாதை போயிற்று, எனக்கு முன்னால் நடந்த அவரும் போனார், அவருடைய தடி தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் கயிற்றில் முதல் பையனின் முகம் தெரிந்தது. இரண்டாவது முகம் இல்லை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காட்டில் அப்போது குருடன் நான் ஒருவன்தான்.

"எண்ணு" என்றேன். பதின்மூன்று வந்தது, சற்றுத் தணிந்து.

ஐம்பது தப்படி கழித்து மறுபடியும் எண்ணச் சொன்னேன். அந்தக் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல் வந்தது. அடுத்த ஐம்பதில் அடுத்த தெருவிலிருந்து. விலகிப் போகிறாள் என்று எனக்குப் பட்டது. ஓடை வரைக்கும் கூட வந்தாள், பிள்ளைகள் தண்ணீரைத் தொட்டதைப் பார்த்தாள், இப்போது போகிறாள். வேறெப்படி நினைப்பேன்? நான் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கெட்டுவிடும் என்பது போல முன்னால் பார்த்தபடியே நடந்தேன். நான்காவது முறை கேட்டது குரல் என்றே சொல்ல முடியாது, ஆற்றின் அக்கரையிலிருந்து யாரோ கூப்பிடுவது போல ஓர் இழுப்பு. ஐந்தாவது முறை ஒன்றுமே இல்லை.

நின்றேன். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டதை அங்கே வாய்விட்டுச் சொன்னேன்: "போயிட்டு வா." மூன்று மாதத்துப் பாரம் இறங்கிவிட்டது போலிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எல்லாரும் நடங்க" என்றேன்.

யாரும் நடக்கவில்லை.

"நடங்கலே."

பனிக்குள்ளிருந்து திசையன்விளைப் பையன் சொன்னான்: "சார், இன்னும் பன்னெண்டு சொல்லலையே."

எனக்கு அது மண்டையில் ஏற ஒரு கணம் ஆயிற்று. கயிற்றைத் தடவிக்கொண்டே பின்னால் ஓடினேன். பதினோரு பிள்ளைகள். பதினோராவது பையனுக்குப் பின்னால் கயிறு தரையில் கிடந்தது. கடைசி இரண்டு முடிச்சிலும் சேறும் சருகும் அப்பியிருந்தன. "பின்னால இழுத்துக்கிட்டேதான் சார் இருந்துச்சு, சத்தத்தைப் பனிதான் அமுக்குதுன்னு நெனைச்சேன்" என்று அந்தப் பையன் அழ ஆரம்பித்தான். முடிச்சுகள் வேரில் மாட்டி மாட்டி வந்திருக்கின்றன. யாரோ பிடித்திருப்பதாக அவன் நம்பியிருக்கிறான்.

"ரெண்டையும் அவதானே சார் சொல்லுவா" என்றாள் இன்னொருத்தி. டீச்சர் நம்பரை அனாதையாக விடக் கூடாது என்று பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். உவரிப் பிள்ளைதான் கேசட்டைக் கேட்டுக் கேட்டு டீச்சர் குரலை அப்படியே பிடித்தவள், அவள்தான் கடைசியிலும் நிற்கிறவள். ஆகவே பன்னிரண்டும் அவள், பதின்மூன்றும் அவள். விலகி விலகிப் போனது என் மனைவி இல்லை. உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையைக் காட்டில் உட்காரவைத்துவிட்டு, நான்தான் ஐம்பது ஐம்பது தப்படியாக விலகி வந்திருக்கிறேன். அவள் சொன்ன பன்னிரண்டும் கூடவே தேய்ந்து வந்ததை என் காது வாங்கவே இல்லை. அது பதின்மூன்றுக்காக வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

வழிகாட்டி தடியோடு ஓடி வந்தார். "இதைத்தான் சார் காலையிலயே சொல்ல வந்தேன்" என்றார். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தான் போவதாகச் சொன்னார். இல்லை, பிள்ளைகளோடு இருங்கள், நான் போகிறேன் என்றேன். "பாதையை விட்டு எறங்காதிய சார். ஓடைப் பக்கம் பள்ளம் கிடக்கு. பைய போங்க" என்றார்.

பைய எங்கே போவது? ஓடினேன், விழுந்தேன், எழுந்து ஓடினேன். அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கத்தினேன். பனி அந்தப் பேரை வாங்கி வைத்துக்கொண்டது. நின்று கேட்டேன். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. கீழே எங்கோ ஓடை ஓடியது. மறுபடி பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பக்கத்தில் ஏதோ மூச்சு விடுவது போலிருந்தது, அது என் மூச்சுதான். பள்ளத்தில் உருண்டிருப்பாளோ, யானை நின்றிருக்குமோ, வார்டன் அம்மாவிடம் என்ன சொல்வேன், உவரியில் அவள் அப்பனிடம் என்ன சொல்வேன். பத்து தடவையாவது அந்தப் பேரைக் கத்தியிருப்பேன். பதில் இல்லை.

அப்போதுதான் அந்த விதி ஞாபகம் வந்தது. "எண்ணு" என்று கத்தினேன். எண்ண யார் இருக்கிறார்கள்? நானே ஆரம்பித்தேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. ஒரு காட்டின் நடுவில் நடுத்தர வயது எழுத்தன் நான், தனியாக நின்று பதினோரு பிள்ளைகளுக்காகவும் எண்ணினேன். பதினொண்ணு என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பன்னெண்டு."

இடது பக்கம், கொஞ்சம் கீழே. இரண்டு ஆள் நீளத் தூரம்தான். அவளைத் தாண்டி ஓடி, திரும்பி, மறுபடி தாண்டியிருக்கிறேன். ஒரு வேரைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் ஒழுகியிருந்தது. அதைப் பிடுங்கக் குனிந்தபோது கால் சறுக்கிப் பாதைக்குக் கீழே இறங்கி, கயிறு கையை விட்டுப் போயிருக்கிறது. நில்லுங்க என்று கத்தியது எங்கள் பேச்சிலும் ஓடைச் சத்தத்திலும் காதில் விழவில்லை. அவளுடைய காலுக்கு ஒரு முழம் தள்ளி நிலம் முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாகப் பனி, அதற்குள் தண்ணீர்ச் சத்தம். எங்களைத் தேடி ஒரே ஓர் எட்டு வைத்திருந்தால் போயிருப்பாள். என் மனைவி சொல்லி வைத்திருந்ததால் உட்கார்ந்திருந்தாள்.

அவளை இழுத்து மேலே ஏற்றிவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டேனே ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். பயத்தில் அதட்டலாகத்தான் வந்தது. கடலில் பனி மூடியிருக்கும்போது பேர் சொல்லி ஏதாவது கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறாராம். "அது ஆளா பேயான்னு தெரியாதுல்லா சார். பேய்க்கு எண்ணத் தெரியாது" என்றாள்.

விடுதியில் நான் எதையும் மறைக்கவில்லை. வார்டன் அம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் திட்டினார்கள். அடுத்த மாசியில் பிள்ளைகளை அனுப்பவில்லை. அதற்கு அடுத்த வருடம் பிள்ளைகளே போய் நச்சரித்து அனுமதி வாங்கினார்கள். நான் கடைசியில் நடந்தேன், அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு. அது வெறும் துணிதான். தொண்ணூறுகள் முடிகிற வரைக்கும் வருடா வருடம் போய் வந்தோம். போன பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள்.

ஆனால் வார்டன் அம்மாவிடமும் வேறு யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று உவரிப் பிள்ளையின் கையைப் பிடித்து மற்றப் பிள்ளைகளிடம் கூட்டிக்கொண்டு போன அந்த இருநூறு தப்படிகளில் நடந்த பேச்சு.

"சார், நான் சொன்னது உங்களுக்குக் கேக்கலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் கை என் கைக்குள் சில்லிட்டுப் போயிருந்தது, என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "கேட்டுச்சும்மா" என்றேன்.

"கேட்டுமா போனிய?"

"ஒன் குரலுன்னு நெனைக்கல. டீச்சர் கூப்பிடுதாங்கன்னு நெனைச்சேன்."

பிள்ளைகளின் குரல் முன்னால் கேட்க ஆரம்பித்திருந்தது.

"டீச்சர் கூப்பிட்டா அவங்களையும் விட்டுட்டுப் போயிருவியளா சார்?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.